உகந்த காலம் அக்டோபர் முதல் மார்ச் வரையாம்!

மதுரைக்கு வழிகாட்டுகிறேன் என்று கிளம்பியிருக்கும் பக்கங்களை எப்போதாவது வரிசையாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், அழகர்கோயில், நடுவில் ஒரு ஜிகர்தண்டா. அநேகமாக எல்லாவற்றிலும் இதே அஞ்சு ஐட்டம்தான். கடைசியில் மட்டும் மறக்காமல் ஓர் அறிவுரை இருக்கும். மதுரைக்கு வர உகந்த காலம் அக்டோபர் முதல் மார்ச் வரையாம். ஏப்ரலும் மே மாதமும் வெயில் அதிகமாம், தவிர்க்கவாம்.

அடப்பாவிகளா!

இந்த ஊர் வருஷம் முழுக்கக் காத்துக்கிடப்பதே சித்திரைக்காகத்தான். கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே தலைகீழாகும் நாட்கள் எல்லாமே ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகின்றன. அதைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் ஊரை வந்து பாருங்கள் என்கிறார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, முகூர்த்தம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது வாருங்கள், காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்வது போல.

வெயில் பொய் இல்லை. சித்திரை மத்தியில் நாற்பது டிகிரியைத் தொடும், தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். ஆனால் தமிழில் இளவேனில் என்று சொன்னதே சித்திரையும் வைகாசியும்தான். பனிக்கட்டி உருகிப் பூப்பூக்கும் சினிமா வசந்தம் நமக்குக் கிடையாது. வேப்பமரம் பூத்துத் தெருவெல்லாம் சிந்திக் கிடக்கும், சரக்கொன்றை மஞ்சளாய்த் தொங்கும், மார்கழியில் விலை எகிறி நம்மைப் பயமுறுத்தும் மல்லிகை வரத்து கூடி மலிந்துபோகும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லிதான். வெயில் ஏறினால் மொட்டு கூடும், மொட்டு கூடினால் விலை இறங்கும். பி.காம் முதல் வருஷத்தில் டிமாண்டு சப்ளைக்குப் படம் போட்டுக் காட்டிய வாத்தியார், எங்களை ஒருநாள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு வகுப்பு மிச்சமாகியிருக்கும் :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவில் என் சண்டை இரண்டு கூட்டத்தோடு. ஒன்று, பட்டியல் போடுகிறவர்கள். இன்னொன்று, பூட்டுப் போடுகிறவர்கள். முதல் கூட்டம் சித்திரையில் வராதே என்கிறது. இரண்டாவது கூட்டம், வந்தவர்களுக்குக் கதவைத் திறக்காமல் இருக்கிறது. முதல் கூட்டத்தைக்கூட மன்னித்துவிடலாம்.

ஊரில் சித்திரைத் திருவிழா இந்த வடிவத்துக்கு எப்படி வந்தது என்பதே ஒரு பெரிய கதை. பதினேழாம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர்தான், மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தையும் தேரையும் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். தேனூர்ப் பக்கம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கே வரவழைத்து, சைவ விழாவையும் வைணவ விழாவையும் ஒரே தொடராகக் கோத்தவரும் அவர்தான். தேனூர் மண்டபம் என்று வண்டியூர்ப் பக்கம் ஆற்றில் ஒரு மண்டபம் இன்னும் பழைய ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. மாசித் திருவிழாவுக்கும் அதே மாதிரி ஒரு அடையாளம் உண்டு. சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. மாதம் மாறிவிட்டது, தெரு மாறவில்லை.

அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கும் மாதத்துக்கு விழாவை மாற்று, இரண்டு கூட்டத்தை ஒன்று சேர், சந்தையும் கூடும், தேர் இழுக்க ஆளும் கிடைக்கும். எம்.பி.ஏ படிக்காத மனுஷன். இன்றைக்கு ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்று லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிப் படிக்கிறோம்.

அவர் அதோடு நிற்கவில்லை. இளவேனிலுக்கென்றே ஒரு கட்டடம் கட்டினார். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தைத்தான் சொல்கிறேன். அதற்கு வசந்த மண்டபம் என்று இன்னொரு பெயர். வைகாசி வசந்த விழாவுக்கு சாமி வந்து உட்கார, வெப்பம் தணிய சுற்றிலும் தண்ணீர் நிற்கும்படி அகழி மாதிரி விட்டுக் கட்டியது. 124 தூண்கள். நடு வரிசைத் தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரச் சிலைகளாக நிற்கிறார்கள், திருமலை நாயக்கர் தன் மனைவியரோடு கைகூப்பி நிற்கிறார். தொப்பை உட்பட அப்படியே. ராஜா என்பதற்காகச் சிற்பி தொப்பையைக் குறைக்கவில்லை.

இந்த மண்டபம் பல தலைமுறையாகக் கடைவீதியாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். தையல் மிஷின்கள், பித்தளைப் பாத்திரம், வளையல், சாமி அலங்காரச் சாமான், பழைய புத்தகம். அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கான உடுப்பும் அங்கேதான் தைத்தார்கள். என் ஸ்கூல் பாதிப் புத்தகம் அங்கே வாங்கியது. சில வருஷங்களுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். நியாயம்தான். 2018 பிப்ரவரி 2 அன்று ராத்திரி வீர வசந்தராயர் மண்டபத்தில் கடைகளோடு சேர்ந்து கல்லும் வெந்ததைப் பார்த்த பிறகு யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் கடையைக் காலி செய்வது பாதி வேலை. சித்திரைக்கு வருகிற ஒரு குடும்பம் அந்த மண்டபத்தைக் கடந்து போகும்போது, இந்தத் திருவிழாவை இந்த மாதத்துக்குக் கொண்டுவந்தவர் இதோ இந்தத் தூணில் நிற்கிறார் என்று பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா? அந்தப் பன்னிரண்டு நாளும் ராத்திரி விளக்குப் போட்டு, பெரிய எழுத்தில் தமிழில் நான்கு பலகை வைத்து, உள்ளே விட வேண்டியதுதானே? தையல்காரர்கள் அத்தனை வருஷம் அந்த ராஜாக்களோடு குடித்தனம் நடத்தினார்கள். எந்தச் சிலை யாருடையது என்று கேட்டால் அவர்களில் பலரும் சொல்லியிருப்பார்கள். கடையும் போச்சு, கதை சொல்ல ஆளும் போச்சு.

அடுத்து தமுக்கம். என் கடுப்பின் தலைமையிடம் இதுதான்.

ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடத்தில் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தது காந்தி நினைவு அருங்காட்சியகம். கவனியுங்கள், அதுவே ஒரு சித்திரை மாதம்தான். 1948 ஜனவரி 30 அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது, 1981இல் உலகத் தமிழ் மாநாட்டு வருஷத்தில் தொடங்கியது. இந்த இரண்டும் இருப்பது எங்கே? எதிர்சேவை ராத்திரியில் அழகர் வந்து தங்கும் தல்லாகுளம் பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில். அன்றைக்கு மூன்றுமாவடியிலிருந்து தமுக்கம் வரை ரோடு தெரியாது, தலைதான் தெரியும். மேலூர், நத்தம், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து, பாயை விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு விடிய விடியக் காத்திருப்பார்கள். ஒரு சொம்பு நிறைய நாட்டுச் சர்க்கரை, அதன் மேல் ஒரு சூடம். தோல்பையில் தண்ணீர் சுமந்துகொண்டு கருப்பசாமி வேஷத்தில் ஆட்கள் ஆடிக்கொண்டு வருவார்கள்.

இத்தனை ஜனம் வாசலுக்கு வந்து நிற்கிறது. அருங்காட்சியகங்கள்? ஆறு மணிக்கு முன்னாடியே பூட்டு. ஆபீஸ் டைம்!

ஒரு படி மேலே போவோம். 2023இல் அழகர் ஆற்றில் இறங்கியது மே 5, வெள்ளிக்கிழமை. 2025இல் தேரோட்டம் மே 9, அதுவும் வெள்ளிக்கிழமை. தமுக்கம் வளாகத்தில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஊருக்கே திருவிழா என்றால் மியூசியத்துக்கு லீவு நாள். விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், "எங்களுக்கு அஞ்சே முக்காலுக்கு டூட்டி முடிஞ்சிருச்சு" என்று ஷட்டரை இழுத்துவிட்டால் என்ன சொல்வோம்? பைத்தியம் என்போம். இங்கே மட்டும் அதற்குப் பெயர் விதிமுறை.

ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மனிதர்கள், அவர்களுக்கும் திருவிழா பார்க்கப் பிள்ளைகுட்டிகள் உண்டு. நேரத்தை மேலே இருந்து எழுதி அனுப்புகிறவர்களுக்கு இந்த ஊர்க் காலண்டர் தெரியவில்லை, அதுதான் கோளாறு.

இதை வகுப்பில் சொன்னபோது மூன்று பதில்கள் வந்தன. முதல் பதில், "அந்த வெயில்ல யாருடா மியூசியம் போவா?" மாப்ள, நான் ராத்திரியைத்தான் சொல்றேன். பகலிலும்கூட, நடுமதியத்தில் நிழலுக்கு அலைந்து மரத்தடியிலும் கடை வாசலிலும் ஒதுங்கும் ஜனத்துக்கு, கனத்த சுவரும் உயரமான கூரையும் கொண்ட ஓர் அரண்மனையைவிட நல்ல இடம் எது? வெயிலைக் காரணம் காட்டிச் சாத்துவதைவிட, வெயிலைக் காரணம் காட்டித் திறப்பதுதான் நியாயம்.

இரண்டாவது பதில், செலவு. எங்கள் பாடமே அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன். கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது. காட்சிப் பொருட்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. வாட்ச்மேன் எப்படியும் ராத்திரி இருக்கிறார். இதெல்லாம் திறந்தாலும் மூடினாலும் ஆகிற நிலையான செலவு. கூடுதலாக ஆவது அஞ்சாறு ராத்திரிக்கு ஒரு ஷிப்டு ஆட்களின் சம்பளமும் கரண்டும் கழிப்பறைக்குத் தண்ணீரும். காந்தி மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை, அதனால் வருமானக் கணக்கு வேண்டாம். வேறு கணக்கு போடுங்கள். ஓர் அருங்காட்சியகத்துக்கு மிகப் பெரிய செலவு ஆளை வாசல் வரை கொண்டுவருவதுதான். அதற்குத்தான் விளம்பரம், பள்ளிக்கூட பஸ், போட்டி, பரிசு எல்லாம். அந்தச் செலவை அழகர் செய்துவிடுகிறார். வாசல் வரை வந்தவனை உள்ளே விடாமல் இருப்பதில் என்ன சிக்கனம்?

வெளிநாட்டில் பாருங்கள் என்று ஆரம்பிப்பது எனக்கே பிடிக்காது. இருந்தாலும் ஒன்று. பெர்லினில் 1997இல் அருங்காட்சியகங்களை ஒரு ராத்திரி நள்ளிரவு தாண்டித் திறந்து வைத்தார்கள். அது மெல்ல மற்ற ஊர்களுக்கும் பரவி, 2005 முதல் ஐரோப்பா முழுக்க மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி மியூசியங்கள் திறந்திருக்கின்றன. அவர்கள் அப்படி ஒரு ராத்திரியைப் புதிதாக உருவாக்கி, ஜனங்களை வீட்டை விட்டு வெளியே வரவழைக்க வேண்டியிருந்தது. நமக்கு ராத்திரி ரெடி. ஜனம் ரெடி. சாவி மட்டும் இல்லை.

மூன்றாவது பதில்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "கிராமத்து ஆளுங்க சாமி கும்பிட வர்றாங்க, அவங்களுக்கு மியூசியம்லாம் எதுக்கு?" இதைச் சொன்னவன் நல்ல பையன்தான். ஆனால் இந்தப் பேச்சு நல்ல பேச்சு இல்லை.

என் அப்பத்தா மேலூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை. அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி இறங்கினால் அந்த வருஷம் எப்படி என்று அத்தனையும் சொல்லும். பச்சை என்றால் விளைச்சல், சிவப்பு என்றால் சிரமம். தங்கச்சி கல்யாணத்துக்கு லேட்டாக வந்து, கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிப் போகும் அண்ணன் கதையை அதன் வாயால் கேட்க வேண்டும். கோயில் மரபு சொல்வதோ வேறு கதை, மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார் என்று. ஒரே ஊர்வலத்துக்கு இரண்டு கதை. இதை ஆராய்ந்து தொ. பரமசிவன் எழுதிய 'அழகர் கோயில்' 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாகவே வந்திருக்கிறது. பல்கலைக்கழகம் ஆராய்ச்சி செய்யும் அளவுக்கு அந்த ஜனத்திடம் சரக்கு இருக்கிறது. ஆனால் அவர்கள் மியூசியம் பார்க்க லாயக்கில்லையாம்!

ஆர்வம் இல்லை என்கிறவர்கள் அதே தமுக்கத்தில் நடக்கும் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்களா? டிக்கெட் எடுத்து, வரிசையில் நின்று, ராட்டினம் சுற்றி, முறம் அளவு டெல்லி அப்பளத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, அரசுத் துறை அரங்குகளையும் ஒன்று விடாமல் சுற்றி வருவார்கள். வேளாண் துறை ஸ்டாலில் நின்று கேள்வி கேட்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுகாதாரத் துறை வைத்த பொம்மையைப் பிள்ளைக்கு விளக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு துறை அரங்கைப் பார்க்கிறவர்கள் பக்கத்துச் சுவருக்குள் இருக்கும் காந்தியின் துணியைப் பார்க்க மாட்டார்களா?

அந்தத் துணிக்கும் இந்த ஊருக்கும் இருக்கும் கணக்கு வேறு. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் முழு வேட்டியையும் விட்டுவிட்டு அரையாடைக்கு மாறியது இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில். சித்திரைத் தேர் அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. வடம் பிடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இன்னொன்றும் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஆலய நுழைவு நடத்தும் வரை, இந்த ஊர் ஜனத்தில் பெரும்பகுதிக்கு மீனாட்சி கோயில் வாசல் அடைத்துத்தான் இருந்தது. காந்தியே 1946இல்தான் உள்ளே போனார். உள்ளே விடப்படாதவர்களுக்கு சாமி கிடைத்தது தெருவில்தான், ஆற்றில்தான். சித்திரைக்கு இத்தனை கூட்டம் ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கதவு விஷயத்தில் பழைய பாக்கி உள்ள ஊர் இது. அந்த வரலாற்றைச் சொல்லும் கட்டடமே அதே ஜனம் வரும் ராத்திரியில் சாத்திக் கிடந்தால், பார்க்க நன்றாகவா இருக்கிறது?

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, இது போலீஸ் தரப்பு. ஏற்கெனவே கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை, இதில் புதிதாக ஒன்றா என்பார்கள். லேசாகத் தள்ள முடியாத பேச்சு இது. கொரோனாவால் இரண்டு வருஷம் ஜனம் இல்லாமல் நடந்து, 2022 ஏப்ரல் 16 அன்று மறுபடி ஆற்றுக்கு எல்லோரும் வந்தபோது நெரிசலில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மியூசியம் திறந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று கதைவிட மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். லட்சக்கணக்கான பேருக்கு அந்த ராத்திரி முழுக்கப் போக ஒரு இடமும் இல்லாமல், ஒரே ஆற்றங்கரை, ஒரே விடியற்காலை, ஒரே நிமிஷம் என்று நாம்தானே எல்லாவற்றையும் குவித்து வைத்திருக்கிறோம்? டிவியும் பேப்பரும் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் காட்டுகின்றன. அதற்கு முன்னால் இருக்கும் எதிர்சேவை, பின்னால் இருக்கும் ராமராயர் மண்டபம், வண்டியூர், தசாவதாரம், பூப்பல்லக்கு எல்லாம் பத்தோடு பதினொன்று. உட்கார நிழல், குடிக்கத் தண்ணீர், வெளிச்சம், கழிப்பறை, பார்க்க ஏதோ ஒன்று, இப்படிப் பத்து இடம் ஊருக்குள் திறந்திருந்தால் கூட்டம் பத்தாகப் பிரியும். தடுப்புக் கட்டையால் பிரிப்பதைவிட இது மரியாதையான வழி.

நிர்வாகம் இந்தத் திருவிழாவுக்காகப் பெரிய வேலையெல்லாம் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வறண்டு கிடக்கும் வைகையில் அழகர் இறங்குவதற்கென்றே அணையைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் பிரஷர் பம்ப் வைக்கக்கூடாது, தோல்பைதான் வேண்டும் என்பது 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய் முடிவானது. ஒரு ஆற்றையே ஓட வைக்க முடிகிறவர்களுக்கு ஒரு கதவைத் திறப்பது கஷ்டமா?

கீழடியைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் சிவகங்கை மாவட்டம். 2023 மார்ச் 5 அன்று திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தாழ்வாரமுமாக அழகாகக் கட்டியிருக்கிறார்கள். தமிழில் விளக்கப் பலகைகள், உறைகிணறு, தந்தப் பகடை, பெயர் கீறிய பானை ஓடு. பானை ஓட்டில் பெயர் எழுதியவர்கள் ராஜாக்கள் இல்லை, சாதாரண ஆட்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். திருவிழா நாட்களில் ஊருக்குள் இருந்து கீழடிக்கு அரைமணிக்கு ஒரு ஸ்பெஷல் பஸ் விட்டால் கூட்டம் அள்ளும். மாவட்ட எல்லை நடுவில் வந்துவிடுகிறது போல.

மகாலைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். 1636இல் கட்டியது, இன்றைக்கு நிற்பது மிச்சம் மட்டும்தான், பேரன் சொக்கநாதர் காலத்தில் பெரும்பகுதி பெயர்ந்து திருச்சிக்குப் போய்விட்டது. நம்ம ஆட்கள் அங்கே தூணில் பேர் கிறுக்குவதை நிறுத்தினால் அடுத்த பேச்சு பேசலாம்.

சரி, வெளியூர் நண்பர்களுக்கு. பட்டியல்காரர்களை நம்பாமல் சித்திரைக்கு வருவதாக இருந்தால், என் பட்டியல் இது. ஒரே நாளில் முடியாது, குறைந்தது ஆறு நாள் வேண்டும். திருக்கல்யாணத்துக்கு உள்ளே டிக்கெட் கிடைக்கவில்லை என்று அழ வேண்டாம், அன்றைக்கு மதியம் கல்யாணச் சாப்பாடு பக்கத்திலேயே பந்தி போட்டு நடக்கும், மொய் எழுதவும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் தேருக்கு விடிகாலையிலேயே கீழமாசி வீதி தேரடிக்குப் போய்விடுங்கள். அதே நாள் மதியம் கீழடி. எதிர்சேவை அன்று மதியத்துக்குள் காந்தி மியூசியத்தைப் பார்த்துவிடுங்கள் (வெள்ளிக்கிழமையாக இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்), சாயங்காலம் தல்லாகுளம். ஆற்றில் இறங்கும் இடத்தில் முண்டியடிக்காதீர்கள். அதற்குப் பிறகு அழகர் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்றுதான் போவார், நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள், ஏதாவது ஒன்றில் கைக்கு எட்டும் தூரத்தில் பார்த்துவிடலாம். செருப்பு தொலையும், புதுசு போட்டு வராதீர்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள்.

டிஸ்கி: ஆற்றில் இறங்கிய மறுநாள் ராத்திரி ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம், விடிய விடிய நடக்கும். மச்சம், கூர்மம் என்று ஒவ்வொன்றாக அலங்காரம் மாறிக்கொண்டே வரும். மோகினி வர விடிந்துவிடும். தூங்கிவிட்டால் கம்பெனி பொறுப்பல்ல :-)